திரைக்குப் பின்னே நின்ற ஆசிரியர்: சங்கரதாஸ் சுவாமிகள் வரலாறு

நம் சங்கத்தின் ஆண்டு விழா ஒவ்வொன்றும் ஒரு நாடகத்தோடுதான் நிறைவு பெறுகிறது. காலனிக் குழந்தைகளின் ஆடல் பாடல்களும், மாதர் பிரிவினரின் கோலாட்டமும், பரிசளிப்பும் முடிந்த பின்னர், இரவு உணவு சற்றே ஆறினாலும் பாதகமில்லை என்று குடும்பத்தோடு அமர்ந்து நாடகம் பார்ப்பது இங்கு வாழும் தமிழ் மக்களின் நெடுநாள் வழக்கம். நாடகம் முடிந்ததும் நடித்தவர்களுக்கு மாலை சூட்டுகிறோம். மறுநாள் அலுவலகத்திலும் கடைத்தெருவிலும் அவர்களைப் பற்றியே பேசுகிறோம். திரையை இழுத்தவர் யார், விளக்கைக் கவனித்தவர் யார், பக்கத் தட்டியின் மறைவில் நின்று வசனத்தை எடுத்துக் கொடுத்தவர் யார் என்று கேட்பார் இல்லை.

நமக்கு நடிப்பு வராது. ரயில்வே அலுவலகத்தில் பேரேடு எழுதிப் பழகிய கை என்பதால், நாடக வசனப் பிரதியைக் கையில் பிடித்துக்கொண்டு மறைவில் நிற்கும் பணியைச் சங்கத்தார் நமக்குக் கொடுத்தனர். அங்கே நமக்குத் துணையாக நின்றவர் லோகோ ஷெட்டில் வேலை பார்த்த ஒரு பெரியவர். ஆண்டுதோறும் திரைக்கயிறு அவர் கையில்தான் இருக்கும். எந்த வசனத்தின் எந்தச் சொல்லில் திரை விழ வேண்டும் என்பதை நாம் சைகை காட்டுமுன்பே அவர் அறிந்திருப்பார். தொழிற்சங்கக் கூட்டமானாலும் சங்கத்துக் கூட்டமானாலும் கடைசி வரிசையில் அமர்ந்து, கூட்டம் முடிந்தபின் நாற்காலிகளை அடுக்கி வைத்துவிட்டுப் போகிறவர் அவர். பணி ஓய்வு பெற்று அவர் சொந்த ஊர் திரும்பியபோது, ஆண்டு மலரில் அவர் படத்தை வெளியிட எண்ணிப் பழைய மலர்களையெல்லாம் புரட்டினோம். ஒன்றிலும் அவர் முகம் இல்லை. ஒரு நாடகப் படத்தின் ஓரத்தில் கயிற்றைப் பிடித்த கை ஒன்று மட்டும் தெரிந்தது.

அன்று முதல் நம் உள்ளத்தில் ஓர் எண்ணம் உறுத்திக்கொண்டே இருந்தது. மேடையின் முன்னே நின்றவர்களின் சரிதங்களைப் பலரும் எழுதுகிறார்கள். மேடையின் பின்னே நின்று வாழ்நாளைக் கழித்தவர்களுள் தலைசிறந்த ஒருவரின் சரிதத்தை நாமாவது எழுத வேண்டாமா? அவ்வெண்ணத்தின் பயனாகவே, தமிழ் நாடகத் தலைமை ஆசிரியர் என்று போற்றப்பெறும் தவத்திரு சங்கரதாஸ் சுவாமிகளின் வாழ்க்கையை இம்மலரில் சுருங்க உரைக்கத் துணிந்தோம்.

தூத்துக்குடிக்கு அருகிலுள்ள காட்டுநாயக்கன்பட்டி என்னும் சிற்றூரில், 1867-ஆம் ஆண்டு செப்டம்பர்த் திங்கள் 7-ஆம் நாள் சுவாமிகள் பிறந்தார். தந்தையார் தாமோதரத் தேவர், தாயார் பேச்சியம்மாள். தந்தையார் இராமாயணத்தில் ஆழ்ந்த புலமை உடையவர். சங்கரனுக்கு முதல் ஆசிரியரும் அவரே. பின்னர்ப் பழனித் தண்டபாணி சுவாமிகளிடம் முறையாகத் தமிழ் பயிலும் பேறு கிடைத்தது. உடன் பயின்றவருள் ஒருவர் உடுமலை முத்துசாமிக் கவிராயர். பிற்காலத்தில் நாடகத்திற்கும் திரைப்படத்திற்கும் பாட்டெழுதிப் பெயர் பெற்ற உடுமலை நாராயணகவி அக்கவிராயரின் மாணாக்கர் என்பதை நினைத்தால், அந்தத் திண்ணையில் ஓதிய தமிழ் எவ்வளவு தொலைவு சென்றது என்பது விளங்கும். பதினாறு வயதிலேயே சங்கரதாஸ் வெண்பாவும் கலித்துறையும் பாடத் தொடங்கிவிட்டார்.

ஆயினும் புலமை வயிற்றை நிரப்புவதில்லை. இளமையில் சில காலம் தூத்துக்குடியில் ஓர் உப்புப் பண்டகசாலையில் அவர் கணக்கராக வேலை பார்த்தார். நம் போன்ற எழுத்தர் குலத்தார்க்கு இச்செய்தி தனிப்பட்ட மகிழ்ச்சியைத் தருவது. உப்பு மூட்டைகளின் வரவையும் செலவையும் எழுதிய அதே கைதான் பின்னர் வள்ளி திருமணத்தையும் பவளக்கொடியையும் எழுதியது. கணக்கர் உத்தியோகத்தில் அவர் உள்ளம் ஒன்றவில்லை. 1891-ஆம் ஆண்டில், தம் 24-ஆம் வயதில், அதனை விட்டு நாடக சபை ஒன்றில் சேர்ந்தார்.

அக்காலத்தில் நாடகத்தை நாடிச் செல்வது எளிய செயலன்று. கூத்தாடி என்ற சொல்லே வசைச்சொல்லாக வழங்கிய காலம் அது. நாடகக்காரருக்கு வீடு வாடகைக்குத் தரமாட்டார்கள், பெண் கொடுக்கமாட்டார்கள். அதே 1891-ஆம் ஆண்டில்தான் சென்னையில் பம்மல் சம்பந்த முதலியார் சுகுண விலாச சபையைத் தோற்றுவித்தார். முதலியார் வழக்கறிஞராகவும் பின்னர் நீதிபதியாகவும் விளங்கியவர். அவரது சபையில் படித்தவர்களும் உத்தியோகத்தர்களும் ஓய்வு நேரத்தில் நடித்தனர். அதனால் நாடகத்திற்கு மதிப்பு உயர்ந்தது. அது பெருந்தொண்டே. நம் சங்க நாடகங்களும் அவ்வழியில் வந்தவை எனலாம். ஆனால் நாடகத்தையே தொழிலாகக் கொண்டு, ஊர் ஊராக மூட்டை முடிச்சுகளோடும் படுதாக்களோடும் அலைந்து, கொட்டகையில் விழுந்த வசூலைக்கொண்டு உண்டவர்களின் வழி வேறு. சங்கரதாஸ் தேர்ந்தது அந்தக் கரடுமுரடான வழி.

தொடக்கத்தில் அவரும் நடிகரே. ஓங்கிய உருவமும் கணீரென்ற குரலும் வாய்த்தவராதலால் எமன், இரணியன், இராவணன், சனீசுவரன் முதலிய கொடிய வேடங்கள் அவருக்கு அளிக்கப்பட்டன. அவ்வேடங்களில் அவர் தோன்றினால் சபையில் குழந்தைகள் அலறுமாம். அவர் நடிப்பைக் கைவிட்டதற்கு ஒரு காரணம் நாடக உலகில் வழிவழியாகச் சொல்லப்படுகிறது. நளன் கதையில் சனீசுவர வேடம் பூண்டு விடிய விடிய நடித்த அவர், வேடத்தைக் கலைப்பதற்காக வைகறையில் நீர்நிலைக்குச் சென்றார். அங்கே துணி வெளுக்க வந்திருந்த கருவுற்ற பெண் ஒருத்தி, இருள் பிரியாத வேளையில் அக்கோலத்தைக் கண்டு, அஞ்சி விழுந்து உயிர் துறந்தாள் என்பது அச்செய்தி. இனி வேடம் புனைவதில்லை என்று அவர் உறுதி பூண்டாராம்.

அதன்பின் அவர் இடம் திரைக்குப் பின்னாலேயே அமைந்தது. நாடக ஆசிரியர், சூத்திரதாரர் என்ற இரு பொறுப்புகளை மேற்கொண்டார். பாடம் எழுதுவதும், எழுதியதை எழுத்தறியாத நடிகருக்கும் வாய்ப்பாடமாகச் சொல்லித் தருவதும், பாட்டை மெட்டோடு பழக்குவதும், எவர் எப்போது எவ்வழியாக மேடையேற வேண்டும் என்று ஒழுங்கு செய்வதும் அவ்வாசிரியரின் கடமைகள். ஒலிபெருக்கி இல்லாத அந்நாளில் கடைசி வரிசைக்கும் கேட்குமாறு உச்சத் தொனியில் பாட வேண்டும். அதற்கேற்ற மெட்டும் சொல்லும் அமைத்துக் கொடுப்பதும் ஆசிரியரின் வேலையே. இவ்வளவையும் செய்தவரின் முகத்தைக் காசு கொடுத்துக் கொட்டகையில் அமர்ந்தவர் காண்பதில்லை.

இடையில் ஒரு முறை அவருக்கு இவ்வுலகிலேயே வெறுப்புத் தட்டிற்று. நாடகத்தைத் துறந்து, காவி உடுத்துத் தலயாத்திரை புறப்பட்டார். சங்கரதாஸ் சுவாமிகள் என்ற பெயர் நிலைத்தது அப்போதுதான். யாத்திரையின் முடிவில் அவரைத் தம்மிடம் நிறுத்திக்கொண்டவர், கஞ்சிராவுக்குக் கச்சேரி மேடையில் இடம் தேடித் தந்த புதுக்கோட்டை மான்பூண்டியா பிள்ளை. சுவாமிகளைத் தம் சுவீகாரப் புதல்வர் போலவே வைத்து ஆதரித்த பிள்ளையவர்கள், தாள நுணுக்கங்களை அவருக்கு உணர்த்தினார். கற்றது வீண்போகாமல் நாடகத்திற்கே திரும்புமாறு அவரைத் தூண்டியவரும் அவரே. சுவாமிகளின் நாடகப் பாடல்கள் தாளக்கட்டுப்பாட்டில் ஓர் அணுவும் பிசகாமல் நிற்பதற்குப் புதுக்கோட்டையில் பெற்ற அப்பயிற்சியே காரணம் என்பர். காவியைக் களையாமலேயே சுவாமிகள் மீண்டும் கொட்டகைக்கு வந்தார்.

அவர் நாடகத்திற்கு என்ன செய்தார் என்பதை அறிய, அவருக்கு முந்திய நிலையைச் சற்று அறிதல் வேண்டும். அந்நாளைய மேடையில் பாட்டுகள் இருந்தன; உரையாடல் பெரும்பாலும் நடிகரின் வாய்க்கு வந்தபடி அமைந்தது. இருவரிடையே போட்டி மூண்டால் கதை எங்கோ போய்விடும். கோமாளியாக வருபவர் வாயில் வந்த ஆபாசமெல்லாம் சபையேறும். சுவாமிகள் இந்நிலையை மாற்றிக் கதைக்குக் கட்டுக்கோப்பும், பேச்சுக்கு வரம்பும், பாட்டுக்குப் பொருத்தமும் அமைத்தார். உரையாடலை எழுதி வைத்தார். எளிய மக்களுக்கு விளங்கும் தமிழிலேயே எழுதினார். அதனுள் நீதிநூல்களின் கருத்தையும் பழந்தமிழ்ப் பாட்டின் ஓசையையும் கலந்து வைத்தார். எழுதப் படிக்கத் தெரியாத குடியானவன் விடியும்வரை கோவலனைப் பார்த்துவிட்டு வீடு திரும்புகையில், தான் அறியாமலே இலக்கியத்தில் ஒரு பகுதியைக் காதில் வாங்கிக்கொண்டு சென்றான்.

அவர் இயற்றியவை 40 நாடகங்களுக்கு மேல் இருக்கும் என்பர். வள்ளி திருமணம், பவளக்கொடி, கோவலன், அல்லி அர்ச்சுனா, சத்தியவான் சாவித்திரி, சதி அனுசூயா, சுலோசனா சதி, பிரகலாதன், லவகுசா, ஞானசௌந்தரி ஆகியவை பலரும் அறிந்தவை. புராணக் கதைகளோடு அவர் நின்றுவிடவில்லை. வடமொழி மிருச்சகடிகத்தையும், சேக்சுபியரின் ரோமியோ ஜூலியட், சிம்பலின் ஆகியவற்றையும் தமிழ் மேடைக்குக் கொணர்ந்தார்.

1910-ஆம் ஆண்டில் சமரச சன்மார்க்க நாடக சபையை நிறுவினார். இசை உலகையும் நாடக உலகையும் பின்னாளில் தம் குரலால் ஆண்ட எஸ். ஜி. கிட்டப்பா அவரிடம் பயின்றவர். 1918-ஆம் ஆண்டில் மதுரையில் தத்துவ மீனலோசனி வித்துவ பால சபை தோன்றிற்று. இது முற்றிலும் சிறுவர்களைக்கொண்ட சபை. வளர்ந்த நடிகர்களின் ஒழுங்கீனத்தால் அலுத்துப்போன நாடக ஆசிரியர்கள், சிறுவரை இளமையிலேயே பயிற்றிக் கட்டுப்பாடான நாடகம் காணலாம் என்று கருதியதன் விளைவே பாலர் சபைகள். அச்சபைகளின் வாழ்வு சிறுவர்க்குக் கடினமானதே. தாய் தந்தையரைப் பிரிந்து, இரவெல்லாம் விழித்து, பிரம்புக்கு அஞ்சிப் பாடம் பயின்ற பிள்ளைகள் அவர்கள். இதனை மறைத்து எழுதுதல் முறையாகாது. ஆனால் பள்ளிக்கூடத்தின் வாசலை மிதிக்க வழியில்லாத ஏழைப் பிள்ளைகள் பலருக்குத் தமிழும் இசையும் தொழிலும் கிடைத்த இடமும் அதுவே.

1918-இல் அச்சபையில் சேர்ந்த சிறுவர்களுள் டி. கே. எஸ். சகோதரர்கள் முதன்மையானவர். அவர்களுள் சண்முகம் அப்போது ஆறு வயதுக் குழந்தை. அவர் பிற்காலத்தில் ஔவை வேடத்தால் புகழ் பெற்று ஔவை சண்முகம் என்றே அழைக்கப்பெற்றார். சுவாமிகளைப் பற்றி உலகம் அறிந்தவற்றுள் பெரும்பகுதி அவர் நன்றியோடு எழுதி வைத்ததே.

அபிமன்யு சுந்தரி பிறந்த கதையை நாடகத்தார் இன்றும் வியந்து கூறுவர். அச்சிறுவன் அபிமன்யுவாக நடிப்பதற்கென்று ஒரு நாடகம் எழுத எண்ணிய சுவாமிகள், ஒரு நாள் இரவு எழுதுவதற்கு அமர்ந்தார். பொழுது விடிந்தபோது பாட்டும் உரையாடலுமாக நாடகம் முழுவதும் முடிந்திருந்தது. கொட்டகை விளக்குகள் அணைந்து பிள்ளைகள் உறங்கிய பின், ஒருவர் மட்டும் தனியே அமர்ந்து, மறுநாள் அவர்கள் பேசவேண்டிய ஒவ்வொரு சொல்லையும் தம் கையால் எழுதி முடித்த அக்காட்சியை நாம் அடிக்கடி எண்ணிப் பார்ப்பதுண்டு.

1921-ஆம் ஆண்டில் சுவாமிகளைப் பக்கவாதம் தாக்கிற்று. கையும் காலும் செயல் இழந்தன. எல்லாவற்றினும் கொடுமை, பேச்சும் நின்றுவிட்டது. எத்தனையோ நாவுகளுக்குச் சொல் தந்தவர், தமக்கென ஒரு சொல் இல்லாமல் இருந்தார். ஆயினும் அவர் நாடகத்தாரைப் பிரியவில்லை. அவருக்கென்று மனைவி மக்கள் இல்லை, சபையே குடும்பம். புதுச்சேரியில், 1922-ஆம் ஆண்டு நவம்பர்த் திங்கள் 13-ஆம் நாள் இரவு, தம் 55-ஆம் வயதில் அவர் உயிர் நீத்தார். கருவடிக்குப்பத்தில் அவருடைய சமாதி உள்ளது.

அவர் மறைந்தபின் நேர்ந்ததே நாம் சிறப்பாக எடுத்துரைக்க விரும்புவது. பிள்ளைகள் தாமே சபை தொடங்கினர், 1925-இல் டி. கே. எஸ். சகோதரர்கள் தனிச்சபை கண்டனர். அச்சபையில் வளர்ந்தவர்களுள் கலைவாணர் என். எஸ். கிருஷ்ணனும் ஒருவர். இது யாவரும் அறிந்த கிளை. மற்றொரு கிளையைப் பட்டணத்தார் அதிகம் அறியார். சபைகள் நலிந்த பின்னும் மதுரை, புதுக்கோட்டை, திண்டுக்கல் முதலிய ஊர்களைச் சுற்றி ஸ்பெஷல் நாடகம் என்ற முறை நிலைத்தது. கோயில் திருவிழாவுக்கு ஓர் ஊரார் வள்ளி திருமணம் வேண்டும் என்பார்கள். ராஜபார்ட் ஓர் ஊரிலிருந்தும், ஸ்திரீபார்ட் வேறோர் ஊரிலிருந்தும், பபூனும் ஆர்மோனியக்காரரும் மற்றோர் ஊரிலிருந்தும் மாலையில் வந்து இறங்குவார்கள். ஒத்திகை கிடையாது. ஒருவரை ஒருவர் முன்பின் பார்த்திராதவர்களும் உண்டு. இரவு 10 மணிக்குத் தொடங்கி விடியும்வரை நாடகம் நடக்கும். இது எவ்வாறு இயலும்? சுவாமிகள் வகுத்த பாடம் எல்லாருக்கும் பொது என்பதனால் இயலும். அவர் எழுதிய பாட்டும் வாதமும் மலிவு விலைப் புத்தகங்களாகவும், வாய்வழிப் பாடமாகவும் நாடெங்கும் பரவிவிட்டன. ரயில்வேயில் இருக்கும் நமக்கு இதன் அருமை எளிதில் விளங்கும். ஓர் ஊர்க் கார்டும் வேறோர் ஊர் டிரைவரும் ஒரே விதிப்புத்தகத்தைக் கற்றிருப்பதால்தானே வண்டி ஓடுகிறது!

இந்நாடகத் தொழிலாளர் தத்தம் ஊர்களில் நடிகர் சங்கங்கள் அமைத்துக்கொண்டனர். ஒப்புக்கொண்ட தேதிக்கு வராதவரைக் கேட்பதும், பேசிய கூலியைப் பெற்றுத் தருவதும், நலிந்தவர்க்கு உதவுவதும் அச்சங்கங்களின் பணி. அச்சங்கத்தார் ஆண்டுதோறும் குருபூசை எடுப்பது சங்கரதாஸ் சுவாமிகளுக்கே. மதுரையில் அவர் சிலையும் உண்டு. சென்னையில் 1952-இல் தோன்றிய தென்னிந்திய நடிகர் சங்கம், தன் இடத்தில் எழுப்பிய கலையரங்கத்திற்கு அவர் பெயரையே சூட்டிற்று. அவர் பேச்சிழந்து மறைந்த புதுச்சேரியில், பல்கலைக்கழகத்தின் நிகழ்கலைப் பள்ளி இன்று அவர் பெயர் தாங்கி நிற்கிறது.

தொழிற்சங்கச் சந்தா தவறாமல் கட்டிவரும் நமக்கு இதில் ஓர் உண்மை புலனாகிறது. திரைக்கு முன் நின்று புகழ் பெற்றவர் பலர் இருக்க, கூலிக்கு நடிக்கும் தொழிலாளர் தம் குருவாகத் தேர்ந்துகொண்டது திரைக்குப் பின் நின்றவரை. தாம் இன்று உண்ணும் சோறு எவர் எழுதிய பாடத்தால் கிடைக்கிறது என்பதை அவர்கள் மறக்கவில்லை. நிலமோ வீடோ சேர்க்காத துறவி ஒருவர், ஆயிரக்கணக்கான ஏழைக் குடும்பங்களுக்குப் பிழைப்பைச் சொத்தாக விட்டுச் சென்றார். இதனினும் பெரிய ஈகை யாது?

இனி நம் காலனி அன்பர்களுக்கு ஒரு விண்ணப்பம். இவ்வாண்டு விழாவில் நாடகம் முடிந்ததும் உடனே எழுந்துவிடாதீர்கள். திரை இழுத்த தம்பியையும், விளக்கைப் பார்த்துக்கொண்ட சகோதரரையும், வேடம் புனைவித்த அம்மையாரையும், நாற்காலி அடுக்கும் பிள்ளைகளையும் மேடைக்கு அழையுங்கள். நடித்தவர்களின் நடுவே அவர்களை நிறுத்திப் படம் எடுங்கள். அடுத்த ஆண்டு மலரில் அப்படம் இடம்பெறட்டும். ஊர் திரும்பிய அப்பெரியவருக்கும் ஒரு பிரதி அனுப்பி வைப்போம். நாம் அவருக்குப் பட்ட கடனில் அது ஒரு சிறு பகுதியாவது ஆகும்.

சங்கரதாஸ் சுவாமிகள் திருப்பெயர் வாழ்க! திரைக்குப் பின் உழைப்போர் வாழ்க!